வேய்னின் நாலாயிரம் கஜம்

என் தம்பி வேய்ன் பெட்ராஷைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். டயர் கடையில் யாரையும் ஏமாற்றாதவன். பனி விழுந்தால் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் கிழங்களின் வாசல் பனியைக் கேட்காமலே வாரிப் போடுபவன். எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவன். இதெல்லாம் உண்மை. ஆனாலும் அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குமட்டல்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கூடப் பிறந்தவளே இப்படிப் பேசலாமா என்று அப்புறம் கேளுங்கள்.

கார்வர்ஸ் மில் உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கத்தில், கூடைப்பந்து வளையத்துக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. பள்ளியின் விளையாட்டுச் சாதனைகள் எல்லாம் அதில்தான். ஒரு சாதனைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு பெயர். யாராவது தாண்டிவிட்டால் பழைய பெயர்ப் பட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். இரண்டாவது இடம் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது. அதில், அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக் எறிந்த மொத்தக் கஜம் என்ற வரியில் 1986லிருந்து வேய்னின் பெயர் தொங்குகிறது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கஜம். மூன்று வருடம் அவன் பந்தை எறிந்து, முன்னால் ஓடிய தன் அணிப் பையன்கள் பிடித்து, அணி முன்னேறிய தூரம் அவ்வளவு. அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

கல்யாணம் நடந்தது. நோலன் பிறந்தான். நோலனுக்கு ஒன்பது வயதாகும்போது அவன் அம்மா டெனிஸ் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தாள். ஏன்டீ இப்படிப் பண்ணினே என்று போனில் கேட்டேன். "அந்த வீட்ல நாங்க மூணு பேர் இல்ல லோரீன், நாலு பேர். நாலாவது ஆளு பதினேழு வயசுப் பையன். பேரு வேய்ன். அவனுக்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்குது," என்றாள். அவள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. அன்றிலிருந்து நோலன் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பிள்ளை குட்டி கிடையாது. காலையில் அவனை ஏற்றிக்கொண்டு போனேன், மாலையில் இறக்கிவிட்டு அடுப்பை மூட்டினேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையானால் மார்ஜ் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஊர் ஆண்கள் கூடுவார்கள், நானும் காப்பிக்குப் போவேன். முட்டை, தொத்திறைச்சி, தீராத காப்பி. வெள்ளிக்கிழமை நடந்த பள்ளி ஆட்டத்தை முதலில் அலசுவார்கள், பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் போவார்கள். அங்கே வேய்னுக்கு என்று ஒரு வேலை உண்டு. காலங்களை ஒப்பிடுவது. எந்தக் காலத்து குவார்ட்டர்பேக் உசத்தி என்று எவனாவது வாயைத் திறந்தால் போதும், இவன் முட்கரண்டியைக் கீழே வைத்துவிடுவான்.

"அஞ்சாயிரம் கஜமாம் அஞ்சாயிரம்! ஏன் எறிய மாட்டான்? இப்பல்லாம் குவார்ட்டர்பேக் மேல மூச்சு பட்டாலே விசில் ஊதறான். அப்ப பந்த எறிஞ்சு முடிச்சுட்டுத் திரும்பி நடந்து போறப்பகூட முதுகுல வந்து இடிப்பானுங்க. பிடிக்கறவன் கையில இப்பப் பசை போட்ட மாதிரி கையுறை. எங்களுக்கு என்ன இருந்துச்சு? விறைச்சுப் போன விரல் இருந்துச்சு! எழுபதுகள்ல வருஷத்துக்கு ஆட்டமே பதினாலு. இப்ப பதினேழு. அந்தக் காலத்து ஒரு கஜம் இந்தக் காலத்து ரெண்டரை கஜத்துக்குச் சமம்யா."

இதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சல். முழுப் பொய் சொல்கிறவனை ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்துவிடலாம். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பேசலாம். இவன் பேசினான். எந்தக் காலத்து ஆளை எடுத்து எப்படி நிறுத்தாலும் தராசு கடைசியில் 1986லேயே வந்து நிற்கும்.

அந்த மேசையில் ஸ்டான் மிராஸ்கி என்று ஒருவர் உட்காருவார். எண்பது தாண்டியவர், உருக்காலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேய்னுக்கு முன்னால் பலகையில் அந்த வரியில் இருந்த பெயர் அவருடையது. 1986ன் கடைசி ஆட்டத்தில், எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் துவண்டு கிடக்கும்போதும் வேய்னை வெளியே எடுக்காமல் எறிய விட்டு எறிய விட்டுத்தான் அவரைத் தாண்ட வைத்தார்கள். நானே பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்டான் மெதுவாகக் கேட்டார். "ஏன்டா வேய்ன், எங்க காலத்துல ஆட்டத்துக்கு ஆறு தடவைக்கு மேல எறிஞ்சா கோச் கன்னத்துலயே விடுவாரு. ஹெல்மெட்டுக்கு முன்னால ஒத்தக் கம்பி. இந்தா பாரு, இந்த ரெண்டு பல்லும் அங்க போனதுதான். அப்போ என்னோட ஒரு கஜம் உன்னோட எத்தன கஜம்?"

வேய்ன் வாயிலிருந்த முட்டையை விழுங்கினான். "அது வேற ஸ்டான். தாண்டினா தாண்டினதுதான். நம்பர் நம்பர்தான்."

கடையே சிரித்தது. மார்ஜ் காப்பிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முன்னால போனவனுக்கு ஒரு தராசு, பின்னால வர்றவனுக்கு ஒரு தராசு. நீ கறிக்கடை வெச்சிருக்கணும்டா," என்றார் ஸ்டான். வேய்னும் சேர்ந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன். பின்னால் வருகிறவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரை அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நோலன் குவார்ட்டர்பேக் ஆனான். அப்பன் சொல்லி ஆனானா, தானாக ஆனானா என்று எனக்குத் தெரியாது. அதிகம் பேசாத பிள்ளை. நீளமான கை, அவசரப்படாத கண். இரண்டு வருடம் நன்றாக ஆடினான். மூன்றாவது வருடம், பள்ளியின் கடைசி வருடம், பாண்டெல்லா என்ற புது கோச் வந்தார். அந்த வருடம் முடிவதற்குள் நோலன் அப்பனைத் தாண்டிவிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டது. மார்ஜ் கடையில் வேய்னை முதுகில் தட்டி வாழ்த்துக்கூடச் சொல்லிவிட்டார்கள். அவன் பல்லைக் காட்டினான். கண் சிரிக்கவில்லை.

இப்போது கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்து இருக்கைகளுக்கு மேலே பலகையால் அடித்த கூண்டு ஒன்று உண்டு. ஆட்டத்தின் கணக்கு எழுதுவது அங்கேதான். பள்ளிக்கு அதிகாரபூர்வக் கணக்கு வேய்ன் எழுதுவதுதான். பல வருடமாகச் சம்பளமில்லாமல் எழுதுகிறான், வேறு யாருக்கும் அந்தக் குளிரில் உட்காரப் பொறுமை கிடையாது. நான் அவன் பக்கத்தில் பைனாகுலரோடு உட்காருவேன். ஒவ்வொரு முறையும் பந்து யார் கையில் போனது, முன்னால் எறிந்த பாஸா, கையில் கொடுத்து ஓடிய ஓட்டமா, எந்தக் கோட்டில் விழுந்தான் என்று நான் கூப்பிட வேண்டும், அவன் எழுத வேண்டும். வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, காலி கோலா பாட்டிலில் துப்பிக்கொண்டே எழுதுவான். அந்தப் பாட்டில் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சீ. அதைக்கூட நான் சகித்துக்கொண்டேன்.

புது கோச் ஒரு புது வித்தையைக் கொண்டுவந்தார். ட்ரே என்று ஒரு பையன், கால் தரையில் பாவாமல் ஓடுவான். அவன் பக்கவாட்டில் நோலனுக்கு முன்னால் குறுக்கே ஓடி வருவான். அதே நேரம் பந்து நோலன் கைக்கு வரும். நோலன் அதைப் பிடித்து வைக்காமல் விரல் நுனியால் முன்பக்கமாகத் தட்டிவிடுவான். ட்ரே அதை வாங்கிக்கொண்டு ஓரமாக வளைந்து பறப்பான். பார்க்கிறவர்களுக்குக் கையில் கொடுத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பந்து காற்றில் முன்னால் போகிறது, ஆகவே விதிப்படி அது பாஸ். ட்ரே தவறவிட்டால் கூடப் பந்து எதிரிக்குப் போகாது, அதனால்தான் கோச் அப்படி ஆட வைத்தார். ட்ரே ஓடுகிற தூரம் முழுக்க நோலன் எறிந்த கணக்கில் சேர வேண்டும். இந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான்.

முதல் ஆட்டத்திலேயே ட்ரே பாதி மைதானத்தைக் கடந்துவிட்டான். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "நோலன் டு ட்ரே! பாஸ்!"

வேய்ன் எழுதினான். எட்டிப் பார்த்தேன். ஓட்டம் என்று எழுதியிருந்தான். அப்படி எழுதினால் நோலன் எறிந்த கணக்கில் ஒரு கஜம்கூடச் சேராது.

"டேய், அது பாஸ்டா."

"எது பாஸ்? ரெண்டு அங்குலம் தட்டி விட்டா பாஸா? எங்க காலத்துல இதக் கையில குடுப்போம். இது ஓட்டம்க்கா."

"விதி என்ன சொல்லுது?"

"விதிய எழுதினவன் பந்த எறிஞ்சதே இல்ல. நான் எறிஞ்சிருக்கேன்." பாட்டிலில் துப்பினான்.

சரி, பழைய ஆள், பிடிவாதம், கொள்கை என்று ஏதோ வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கொள்கை என்றால் எனக்கு மரியாதை உண்டு, முட்டாள்தனமான கொள்கையாக இருந்தாலும். மூன்றாவது ஆட்டத்தில் அந்த மரியாதையும் போயிற்று. எதிரணிப் பையன் அதே தட்டலைத் தட்டினான், அவர்கள் ஆள் அதே மாதிரி ஓடினான். நான் வாயைத் திறப்பதற்குள் வேய்னின் கை தானாக 'பாஸ்' என்று எழுதிவிட்டது. யோசிக்கவே இல்லை. யாரோ ஒரு வெளியூர்ப் பையனுக்கு அது பாஸ். பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஓட்டம். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோச்சிடம் போனேன். "எனக்கு ஜெயிச்சாப் போதும்மா. கணக்கு உங்க தம்பி பாடு," என்றார். பள்ளியில் விளையாட்டுப் பொறுப்பில் இருப்பவரிடம் போனேன். அவர் பாவம், நெளிந்தார். "வேய்ன் எழுதறதுதான் இத்தன வருஷமா கணக்கு. இப்ப அவருகிட்ட போய், நீங்க மகனுக்குத் துரோகம் பண்றீங்கன்னு நான் சொல்லவா? கொஞ்சம் விட்டுப் பிடிங்க லோரீன்." ஊரில் எல்லோருக்கும் வேய்ன் டயர் மாட்டிக் கொடுத்திருக்கிறான், எல்லோர் வாசலிலும் பனி வாரியிருக்கிறான். யாருக்கும் அவன் மூஞ்சிக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

ஏழாவது ஆட்டம் முடிந்த வாரத்தில் நோலன் என் சமையலறையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது தட்டு. சட்டென்று கேட்டான்.

"அத்தை, பசங்க வீடியோவப் பாத்து எண்ணிட்டாங்க. போன ஆட்டத்துலயே அப்பாவத் தாண்டிட்டேனாம்."

"ஆமாடா."

"அப்பா தெரியாம எழுதறாரா, தெரிஞ்சே எழுதறாரா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த வெளியூர்ப் பையனைப் பற்றிச் சொன்னேன். நோலன் மெல்லுவதை நிறுத்தினான். அவன் காது சிவந்தது, சின்ன வயதில் அழப் போகும்போது சிவக்கிற மாதிரி. அழவில்லை.

"எனக்கு அந்த வரி வேணும் அத்தை. ரொம்ப வேணும். மத்த வீட்ல சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணுவாங்க, நான் அந்த நம்பரத்தான் கேட்டு வளந்தேன். பலகைகூட அப்புறம். ஒரே ஒரு தடவ அவர் வாயால, 'நீ என்னத் தாண்டிட்டடா'ன்னு சொல்லிட்டாப் போதும்."

"சொல்லுவான்டா. சொல்ல வைக்கறேன்," என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

மறுநாளே பேருந்தை நிறுத்திவிட்டு டயர் கடைக்குப் போய்க் கத்தினேன். வேய்ன் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான். "உன் வேலை கூப்பிடறது, என் வேலை எழுதறது. நீ உன் வேலையப் பாருக்கா."

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் ட்ரே ஓடினான், நான் பாஸ் என்று கூப்பிட்டேன், அவன் ஓட்டம் என்று எழுதினான். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தினேன். பக்கத்தில் கடிகாரம் ஓட்டுகிறவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார். இப்படியே கடைசி ஆட்டம் வந்துவிட்டது. வேய்னின் கணக்குப்படி நோலனுக்கு இன்னும் அறுபத்தொரு கஜம் வேண்டும். அறுபத்தொன்று அவனுக்கு ஒன்றுமே இல்லை, ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே, தட்டல் எதுவும் இல்லாமலே, எறிந்து முடித்துவிடுவான். எனக்கே மனசு லேசாகிவிட்டது. எப்படியும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்திருந்தேன். நோலன் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான் ட்ரேக்குத் தட்டி விடறது பாஸா, இல்லையா?"

வேய்ன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஆரம்பித்தான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்படி வாங்கற நம்பர் உனக்கே ஒட்டாதுடா. இந்தக் காலத்துல எல்லாம் தட்டு, ஓடு, கைதட்டு. நான் எறிஞ்ச ஒவ்வொரு கஜத்துக்கும் ஒரு இடி வாங்கியிருக்கேன். இந்தத் தோள்பட்டை இன்னிக்கும் மழை வந்தா சொல்லும். இன்னும் அறுபத்தொண்ணுதானே? நிஜமா எறி. ஆம்பள மாதிரி எறிஞ்சு வாங்கிக்கோ."

"வாங்கிட்டா நீங்க சந்தோஷப்படுவீங்களா?"

காலங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டான். அதன்மேல் குழம்பை ஊற்றினான்.

"பாக்கலாம், பாக்கலாம். கடைசி ஆட்டம்னா கை நடுங்கும்டா. அதெல்லாம் நீ இன்னும் பாக்கல. எங்க காலத்துல..."

நோலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிப்பா," என்றான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான்.

நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "டேய், பெத்த பிள்ளை வாயிலேர்ந்து பிடுங்கித் திங்கறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"கணக்கு வேற, பாசம் வேற அக்கா," என்றான் அந்த மகராசன், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே.

கடைசி ஆட்டத்தன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், அந்த வருடம் பள்ளியை விட்டுப் போகிற பையன்கள் அப்பா அம்மாவோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருவது எங்கள் ஊர் வழக்கம். நோலனுக்கு ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் வேய்ன், 1986ல் பள்ளி கொடுத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தான் போட வயிறு விடவில்லை. ஒலிபெருக்கியில் பையனின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "நம் பள்ளியின் சாதனை குவார்ட்டர்பேக் வேய்ன் பெட்ராஷின் மகன்" என்று படித்தார்கள். அப்படிப் படிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவேண்டிய தேவையே இல்லை. வேய்ன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். பிள்ளையின் நாளில்! எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நோலன் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். நாங்கள் இருவரும் கூண்டுக்கு ஏறினோம்.

முதல் பந்து. நோலன் வாங்கி, பின்னால் ஓடி வந்தவன் வயிற்றில் வைத்தான். தட்டல் இல்லை, கையில் கொடுத்தான். "ஓட்டம்," என்றேன். இரண்டாவது, அதே. மூன்றாவது, அதே. கோச் ஓரத்திலிருந்து எறியச் சொல்லிச் சைகை காட்டுவது எனக்கு பைனாகுலரில் தெரிந்தது. நோலன் பார்த்தான், தலையாட்டினான், வரிசைக்குப் போனான், தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான், மறுபடியும் கையில் கொடுத்தான். எதிரணி முழுக்க அவன் எறிவான் என்று பின்னால் தள்ளி நின்றிருந்தது. நம் ஆட்கள் நடுவில் புகுந்து புகுந்து ஓடினார்கள். கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். இரண்டு டச்டவுன் விழுந்து புள்ளி ஏறியதும் அதை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

முதல் பாதியில் வேய்னின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் நின்றது. கடைசிப் பகுதியில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், முணுமுணுத்தான்.

"அவன் எறியவே இல்லடா. பாக்கறியா, இல்லையா?"

"கை நடுங்குதுக்கா. நான்தான் சொன்னேன்ல?"

கீழே கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. "எறி! எறி!" என்று காலால் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். ஆட்டம் நம் பக்கம், நேரம் முடியப் போகிறது, பந்து நம் பக்கத்துக் கோடியில். நோலன் பந்தை வாங்கினான். அங்கே, மைதானத்தின் அந்தக் கோடியில், ட்ரே தனியாக ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். அந்த ஒரே எறியில் அறுபத்தொன்றும் வந்துவிடும். நோலன் கையைப் பின்னால் இழுத்தான். ஊரே எழுந்து நின்றது. வேய்ன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

நோலன் ஒரு கணம் கூண்டை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பந்தை விலாவில் அணைத்துக்கொண்டு, அவனே நாலு எட்டு ஓடி, யாரும் தொடுவதற்கு முன்னால் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"என் நம்பர் நிலைச்சு நின்னுடுச்சு!" வேய்ன் மேசையில் ஓங்கி அடித்தான். பாட்டில் கவிழ்ந்து என் மடியில் கொட்டியது. அவன் கவனிக்கவே இல்லை. "நின்னுடுச்சுக்கா! முப்பத்தஞ்சு வருஷம்!"

அந்த எச்சிலோடுதான் நான் அவன் பின்னால் படி இறங்கினேன். மைதானத்தில் ஜெயித்த பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோலன் தோள் கவசத்தின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேய்ன் அவனை இறுக்கி அணைத்தான்.

"பரவாயில்லடா, பரவாயில்ல. அவ்வளவு சுலபமில்லன்னு சொன்னேன்ல?"

"இல்லப்பா," என்றான் நோலன். குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்களத் தாண்ட முடியாது."

மறுநாள் மார்ஜ் கடையில் வேய்ன் அதை மூன்று மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "பையனே ஒத்துக்கிட்டான்யா! 'உங்களத் தாண்ட முடியாதுப்பா'ன்னு அவன் வாயாலயே சொன்னான்!" யாரும் சிரிக்கவில்லை. மார்ஜ் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். ஸ்டான் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"வேய்ன், என்கிட்டேர்ந்து நீ எடுத்துக்கிட்ட. உன்கிட்டேர்ந்து அவன் எடுத்துக்கல. வித்தியாசம் புரியுதா உனக்கு?"

"எடுக்க முடியல ஸ்டான். அதத்தான் நானும் சொல்றேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அது பிச்சைடா! நீ பெத்த பிள்ளை உனக்குப் போட்ட பிச்சை! அது கூடவா தெரியல? தூ!"

வேய்ன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி, ஒரே நொடி, அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. தெரியும் அவனுக்கு. கேட்டுக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் சொன்னான். "நேத்து நீதானேக்கா கூப்பிட்ட? ஒரு பாஸாவது கூப்பிட்டியா?"

நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கூண்டுக்கு அதன்பின் ஏறவில்லை. பைனாகுலரைப் பள்ளியில் கொடுத்துவிட்டேன். கணக்கை இன்னமும் அவன்தான் எழுதுகிறான்.

நோலன் அப்பனோடு சண்டை போடவில்லை. நல்ல நாள் கெட்ட நாளில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், காரை ஒன்றாகப் பழுது பார்த்தார்கள். எங்கள் பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்று அவனை ஆட அழைத்தது. வேண்டாம் என்றான். டென்னசியில் மின்கம்பி இழுக்கிற வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். பந்தை அதன்பின் அவன் தொட்டு நான் பார்க்கவில்லை.

மே மாதம் பள்ளியிறுதி விழா. வெளியே நடத்த வேண்டியது, மழை பிடித்துக்கொண்டதால் உள்ளரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். விழா முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேய்ன் நோலனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே நிறுத்தினான். "இங்க எடுக்கா, இங்கதான் வெளிச்சம்," என்றான். அங்கே வெளிச்சமே இல்லை. நோலன் நீல அங்கியைச் சரிசெய்துகொண்டு அப்பன் தோளில் கை போட்டு நின்றான். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"வேய்ன், இங்க பாரு."

அவன் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் வேய்ன், உன் பிள்ளையோட படம்டா. இங்க பாருடா!"

"விடுங்க அத்தை," என்றான் நோலன், என்னைப் பார்த்துச் சிரித்தபடியே. "அவர் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நீங்க எடுங்க."